என்னைப் பற்றி ஊரில் விசாரித்தார்கள்

1

இந்தக் குறிப்பில் தேதிகள் இருக்காது. என்னை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். விராலிமலைத் தேர் எந்த வருடம் மழையில் நடுவழியில் நின்றது, எங்கள் தெருவுக்கு முதல் டெலிபோன் எந்த மாதம் வந்தது, இந்த நாட்டில் நான் பார்த்த முதல் பனி எந்தக் கிழமை விழுந்தது என்பதையெல்லாம் குறித்து வைக்கிற ஆள் நான். தேதி போடாமல் எழுதுவது எனக்கு ஒற்றைச் செருப்பில் நடப்பது போல. ஆனால் ஒரு தேதியும் ஒரு தெருவும் கிடைத்தால் போதும், மீதி ஆளை முழுசாக வரைந்துவிடும் திறமை நம் மாவட்டத்தாருக்கு உண்டு. அதனால் எடுத்துவிட்டேன்.

இதில் வருகிற வசந்தாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். வசந்தா என்ற பெயர் அவரே தேர்ந்தெடுத்தது. "எங்க கிளாஸ்ல வசந்தான்னு ஒருத்தி இருந்தா, நல்லாப் பாடுவா, அவ பேரையே வச்சுக்கங்க" என்றார். அவரைக் குளத்தூர்க்காரர் என்று எழுதியிருக்கிறேன். குளத்தூர்க்காரர்கள் தேட வேண்டாம், அவர் குளத்தூர் இல்லை. என் விராலிமலையும் அப்படியே. என் அக்கா இதைப் படித்தாலும் ஆபத்தில்லை. தான் பேசுவதை யாராவது அப்படியே எழுதினால், "இது யாரு இப்புடிப் பேசுறது?" என்று கேட்பவள் அவள்.

2

நான் செவிலி. திருச்சியில் படித்தேன், அங்கேயே சில வருடம் வேலை பார்த்தேன், பிறகு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு நகரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது என் பதவிக்கு ஆராய்ச்சிச் செவிலி என்று பெயர். ஊசி போடுவது குறைவு. கேள்வி கேட்பதும், கேட்டதை எழுதுவதும்தான் அதிகம். இதை அக்காவிடம் விளக்கியபோது, "அப்ப ஒனக்கு ஊசி போடத் தெரியாதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

நான் வேலை செய்வது ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான மருத்துவமனைப் பிரிவில். ஹெச்.ஐ.வி. என்றால் மரணம் என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் மண்டையோடு வரைந்து வைத்திருந்தார்களே, அந்தக் காலம் போய்விட்டது. தினமும் மாத்திரை சாப்பிட்டால் கிருமி அடங்கிவிடும். ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் மூலம் இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. பேரன் பேத்தி எடுத்து, சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே கிழமாகலாம். எங்களிடம் வரும் ஒரு பெரியவர், "முப்பது வயசுல செத்துடுவேன்னு நெனச்சு கடனெல்லாம் வாங்கினேன், இப்ப பென்ஷன் வாங்கிக் கட்டுறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. இவர்களுக்குச் சில புற்றுநோய்கள் மற்றவர்களைவிட எளிதாக வருகின்றன. பெண்களுக்குக் கருப்பைவாயில் வருவது அதில் ஒன்று. நல்ல விஷயம் என்னவென்றால் அது மெதுவாக வரும். வருவதற்குப் பல வருடம் முன்பே, "வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்கும். ஒரு சின்னத் தூரிகையால் கருப்பைவாயைத் தடவி எடுத்துச் சோதித்தால், அந்தக் கட்டத்திலேயே பிடித்து நிறுத்திவிடலாம். அதற்காக வருடம் ஒருமுறை வரச் சொல்கிறோம். பலர் வருவதில்லை. ஏன் வருவதில்லை, எப்படிச் செய்தால் வருவார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி.

காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. கூச்சம். வேலையில் லீவு கிடைக்காது. போன தடவை கருவி சில்லென்று இருந்தது. முடிவு தெரிந்துவிடுமோ என்று பயம். எந்தக் கட்டுரையிலும் நான் படித்திராத ஒரு காரணத்தை வசந்தா கொண்டுவந்தார். அந்தக் காரணம் நான்.

3

வசந்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர். மகன் திருச்சியில் என்ஜினியரிங் படிக்கிறான். கணவர் இறந்து பல வருடமாகிறது. அவர் விட்டுப்போனதில் இந்தக் கிருமியும் ஒன்று. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது.

என் சக செவிலி ஜோன் தங்கமான மனுஷி. வசந்தாவின் பெயரைப் பார்த்ததும், "உன் மொழிக்காரர் வந்திருக்கிறார், நீ பார்த்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதல்!" என்று முகமெல்லாம் மலர என்னிடம் அனுப்பி வைத்தாள்.

நான் தமிழில் பேசியதும் வசந்தா முதலில் திடுக்கிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும்போது எனக்கு ஒரு தனித் தமிழ் வந்துவிடும், செய்தி வாசிப்பவர் மாதிரி. அதைக் கேட்டு நான் மெட்ராஸ்காரி என்று நினைத்தாராம். மெட்ராஸ் என்றால் அவருக்கு லண்டன் மாதிரிதான்; பயமில்லை. வெகுநாள் கழித்துத் தமிழில் இந்த விஷயத்தைப் பேச ஒரு ஆள் கிடைத்ததும், கொட்டித் தீர்த்துவிட்டார்.

"புதுக்கோட்டையிலயே மாத்திரை குடுத்தாங்க மேடம். அங்க வாங்குனா யாராச்சும் பாத்துருவாங்கன்னு மதுரைக்குப் போயி வாங்குவேன். பஸ்ல தெரிஞ்சவுங்க கேட்டா முழங்கால் வைத்தியம்னு சொல்லுவேன். அப்புறம் அதுக்காகவே நொண்டி நொண்டி நடக்குறது. ஒருநாளு பக்கத்து வீட்டு அண்ணன், 'அதே டாக்டர்ட்ட என்னயும் கூட்டிட்டுப் போ தாயி'ன்னு கெளம்பிட்டாரு!"

"அய்யோ, என்ன செஞ்சீங்க?"

"டாக்டர் செத்துப் போயிட்டாருன்னேன்."

இருவரும் சிரித்தோம். அவர் தன் மகனைப் பற்றிச் சொல்ல, நான் என் மகளைப் பற்றிச் சொல்ல, சிரிப்போடு சிரிப்பாகச் சோதனையும் முடிந்தது. அவர் எழுந்து கீழே செருப்பைத் தேடினார்.

"அங்கிட்டுக் கெடக்கு பாருங்க" என்றேன்.

வசந்தா அப்படியே நின்றார். "அங்கிட்டா? நீங்க எந்த ஊரு?"

இங்கே என் ஊரைக் கேட்பவர்களுக்கு நான் சித்தன்னவாசல் ஓவியத்தைப் படத்தில் காட்டுவேன். அழகு என்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். எந்தத் தெரு, யார் வீடு, யாருக்கு யார் என்று தொடர்ந்து கேட்பது நம்மவர்கள் மட்டும்தான். ஊர் கேட்காமல் நமக்கு ஒரு மனிதரை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாது.

"விராலிமலை" என்றேன். நோயாளியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"விராலிமலையில எங்கிட்டு?"

சொன்னேன்.

"நான் குளத்தூருங்க" என்றார், ஏதோ போலீசில் ஒப்புக்கொள்வது போல. "எங்க பெரியம்மா மகள விராலிமலையிலதான் குடுத்திருக்கு. மதுரைக்குப் போனேன், அப்புறம் கடலத் தாண்டியே வந்துட்டேன். இங்கயும் நம்ம ஊருக்காரவுங்களே உக்காந்திருக்கீங்களே!"

நோயாளி விஷயத்தை வெளியே சொல்வது எங்களுக்குக் குற்றம், சொன்னால் என் வேலையே போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"ஒங்களுக்கு வேலைதான போகும்" என்றார். செருப்பைச் சரியாக மாட்டாமலே போய்விட்டார்.

4

சோதனை முடிவு வந்தது. அந்த நோய் வாசலில் நின்று கேட்கும் என்று சொன்னேனே, வசந்தாவின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. திசுக்களில் மாற்றம் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைக்கக்கூடாத மாற்றம். கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மருத்துவர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மெல்லியதாக எடுத்துவிட வேண்டும். காலையில் வந்தால் மதியம் வீட்டுக்குப் போய்விடலாம்.

வசந்தா வரவில்லை. மறுபடி நாள் கொடுத்தோம். அதற்கும் வரவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. ஜோன் அழைத்தாள். முடிவை விளக்கினாள், நான் அன்றைக்கு அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டேன் என்றும் சொன்னாள். பதில் ஆங்கிலத்தில் வந்தது: "தட் மேடம் மை ஊர். ஷீ கோ, ஃபைல் நோ கோ." நான் போய்விட்டாலும் என் கண்ணில் படும்படி ஃபைல் அங்கேதானே இருக்கும் என்று அர்த்தம். ஜோனுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது.

நம் தாலுகா ஆபீசைக் குறை சொல்கிறோம். அங்கே அதிகபட்சம் "நாளைக்கு வாங்க" என்பார்கள். இங்கே இரண்டு முறை வராவிட்டால் "இனிமேல் வர வேண்டாம்" என்று கம்ப்யூட்டர் மிகுந்த மரியாதையோடு எழுதிவிடும். பெயரை நீக்கி, குடும்ப மருத்துவருக்குத் தகவல் அனுப்பும். வசந்தா தன் நிலையைக் குடும்ப மருத்துவரிடம்கூடச் சொல்லாதவர். நேரம் ஒதுக்கும் அலுவலகத்தில் போய் நின்று, விதியில் எழுதியிருப்பது இது, ஆனால் இப்படியும் பொருள் கொள்ளலாம் என்று வாதாடி, இன்னும் ஒரே ஒரு நாள் வாங்கினேன். அந்த நாளையும் தவறவிட்டால் வசந்தா எங்கள் கையை விட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பது மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும். வலி வந்து அவர் தானாக வரும்போது நேரமாகியிருக்கும்.

ஏன் பெண்கள் வருவதில்லை என்று கேட்டு எழுதுகிறவளே ஒருத்தி வராததற்குக் காரணமாகிவிட்டேன். இதை ஆராய்ச்சிக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யலாமே" என்றார் ஒருவர். மொழி தெரிந்ததுதான் இங்கே சிக்கலே என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

5

இந்த நாட்களில்தான் ஒரு காலையில் அக்கா அழைத்தாள். அக்கா விராலிமலையிலேயே, எங்கள் பழைய வீட்டில் இருக்கிறாள்.

"ஏய், நிக்கிறியா, ஒக்காந்திருக்கியா?"

"பஸ்ல நிக்கிறேன்க்கா."

"கம்பியப் புடிச்சுக்க. ஒம் மகளுக்கு வரன் வந்திருக்கு."

என் மகள் கயலுக்கு இருபத்தாறு வயது. லண்டனில் வேலை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவளுடைய தமிழில் வசவுகள் ஒழுங்காக இருக்கும், மற்றதெல்லாம் தள்ளாடும்.

"யாரு, என்ன எடம்?"

"டூ வீலர்ல ஒருத்தரு வந்தாரு. வெள்ளச் சட்ட. டீக்கடையில விசாரிச்சிருக்காரு, அப்புறம் எதுத்த வீட்டு சரோஜா அத்தைக்கிட்ட ஒரு மணி நேரம். எந்த ஊருன்னா 'இங்கிட்டுத்தான் பக்கத்துல'ன்னாராம். பையன் அங்கதான் ஒங்க நாட்டுல இருக்கானாம். ஒண்ணு கவனிச்சியா? பொண்ணு படிப்பக் கேக்கல, நெறத்தக் கேக்கல. ஒன்னயப் பத்தியேதான் கேட்டிருக்காரு. கொணம் எப்புடி, வாசல்ல நின்னு வம்பு பேசுற ஆளா, பேச்சு எப்புடின்னு. தாயத் தண்ணித் தொறையில பாத்தா மகள வீட்டுல போயிப் பாக்க வேணாம்னு சொல்லுவாங்கள்ல? அது தெரிஞ்ச குடும்பம்டி!"

எனக்கு எதுவும் தோன்றவில்லை. வாங்கி வைத்த அந்தக் கடைசி நாளில்தான் மனசு நின்றது. அன்று மாலை மகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அக்கா சொல்லிவிடுவாள்.

"என்னை விசாரிச்சாங்களா? நான் என்ன செகண்ட் ஹேண்ட் காரா? சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டாங்களா?"

"உன்னைக் கேக்கவேயில்ல. என்னைத்தான் கேட்டாங்களாம்."

"அதுதான் ஓனர் எப்படி ஓட்டினாங்கன்னு பாக்கிறாங்க" என்றாள். பிறகு, "போட்டோ இருக்கா?" என்றாள். "வேண்டாம்னு சொல்லத்தான் கேக்குறேன்."

6

அந்த நாள் வந்தது. சொன்னபடி நான் வேறு கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜோன் அழைத்தாள். "வந்துவிட்டார்" என்றாள். "ஆனால் உள்ளே போக மாட்டேன் என்கிறார். நீ வந்தால்தானாம்."

ஓடினேன் என்று எழுதலாம். ஐம்பது வயதில் அதற்கு வேகநடை என்று பெயர்.

காத்திருக்கும் அறையில் வசந்தா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையையா என்று தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களப் பத்தி ஊருல விசாரிச்சுட்டேன்."

அக்காவின் போன் நினைவுக்கு வந்தது. "அந்த வெள்ளச் சட்டை..."

"எங்க அண்ணன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இங்க தெரிஞ்ச குடும்பத்துப் பையனுக்கு ஒரு நர்ஸம்மா மகளப் பாக்குறாக, அந்தம்மா வாய் எப்புடின்னு மட்டும் நல்லா விசாரிங்கன்னு சொன்னேன். பாவம், பெட்ரோலப் போட்டுக்கிட்டுப் போனாரு."

"என்ன சொன்னாங்களாம்?"

"ஒங்க எதுத்த வீட்டு அத்தை கண்ணீர் விடாத கொறையாச் சொல்லுச்சாம். குடும்பமெல்லாம் நல்ல குடும்பந்தான், ஆனா அந்த நர்ஸு இருக்காளே, பயங்கர அழுத்தக்காரின்னு." வசந்தா அந்த அத்தையின் குரலிலேயே தொடர்ந்தார். "'எங்க நாத்தனாளத் திருச்சி ஆசுபத்திரியில சேத்தப்ப இவதான் அங்க டூட்டி. ஒரே தெரு, ஒண்ணா வளந்தவ. அவளுக்கு என்ன ஏதுன்னு ஒரு வார்த்த சொன்னாளா? வீட்டுக்குக் கூப்புட்டு, வட சுட்டுப் போட்டு, பக்குவமாக் கேட்டேன். ரெண்டு வடையத் தின்னுட்டு, உப்புக் கம்மின்னு சொல்லிட்டுப் போயிட்டா! இவள நம்பி என்னத்தச் சம்பந்தம் பண்ணுறது?'"

அந்த வடை எனக்கு நினைவிருக்கிறது. தேதியும் நினைவிருக்கிறது, எழுத மாட்டேன்.

"எங்க அண்ணன் போன் பண்ணி, 'தாயி, இந்தச் சம்பந்தம் வேணாம், அந்தம்மா நெஞ்சழுத்தக்காரியாம், ஊரே சொல்லுது'ன்னாரு. நான் சரிண்ணேன்னு வச்சுட்டு உக்காந்து அழுதேன். அப்புறம் சாமிக்கு வெளக்குப் போட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே கூட இருங்க. எனக்கு அந்த டாக்டரு பேசுறது ஒண்ணும் வெளங்காது."

நம்மூரில் கடையில் துணி எடுப்பதென்றாலும் இரண்டு பேரைக் கேட்போம். சம்பந்தம் என்றால் எதிர்வீட்டைக் கேட்போம், பால்காரரைக் கேட்போம், பெண் படித்த பள்ளி ஆயாவைக் கேட்போம். எங்கள் பிரிவின் சுவரில் ரகசியக் காப்பு உறுதிமொழி பத்து மொழிகளில் ஒட்டியிருக்கிறது, தமிழிலும் உண்டு. அதை நம்ப வசந்தாவுக்கு எந்தக் காரணமும் இல்லை. சரோஜா அத்தையின் புகாரை நம்பக் காரணம் இருந்தது. ஏமாந்த கோபத்தில் சொன்னது அல்லவா!

உள்ளே போனோம். மருத்துவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், செய்தி வாசிக்காமல், அங்கிட்டு இங்கிட்டு என்றே சொன்னேன். மரத்துப்போக ஊசி போட்டு, மாறியிருந்த இடத்தை எடுத்தார்கள். வசந்தா கூரையைப் பார்த்தபடி, முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் தன்னை வேறு வேறு பெயரில் கூப்பிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அவ்வளவுதானா? இதுக்கா இத்தன நாளு ஓடுனேன்?" என்றார்.

7

சில வாரம் கழித்து அக்கா அழைத்தாள். குரலிலேயே தெரிந்தது.

"அந்த டூ வீலர்க்காரரு அப்புறம் வரவே இல்ல. நேத்துதான் வெவரம் தெரிஞ்சுது. சரோஜா அத்தை கெடுத்து விட்டுருச்சு. நேராப் போயிக் கேட்டேன், 'ஏன் அத்தை இப்புடிப் பண்ணுனீங்க'ன்னு. உள்ளதத்தான சொன்னேங்குது. வடைக் கதைய எங்கிட்டயே மறுபடி சொல்லுது!"

"விடுக்கா."

"என்னத்த விடுறது? எவ்வளவு வெவரமான குடும்பம்! பொண்ணையே கேக்காம தாயக் கேட்ட குடும்பம் இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்? எல்லாம் ஒன் அழுத்தத்தால போச்சு. அந்த நாத்தனாளுக்கு என்னான்னு அன்னிக்கே அத்தைக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னிக்கு ஒம் மகளுக்கு நிச்சயம் ஆயிருக்கும். ஒனக்கு வருத்தமே இல்லையாடி?"

அன்று காலையில்தான் வசந்தாவின் முடிவு வந்திருந்தது. எடுத்த இடத்தின் ஓரங்களில் எதுவும் மீதியில்லை, புற்றுநோயும் இல்லை. சொன்னபோது அவர் போனிலேயே அழுது, பிறகு அடுத்த சோதனை எப்போது என்று தானாகவே கேட்டிருந்தார். உலகத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அக்காவிடம் சொன்னால் அவளும் சந்தோஷப்படுவாள், நல்ல மனசுக்காரி. பொழுது சாய்வதற்குள் விராலிமலை முழுவதும் சந்தோஷப்படும்.

"நல்ல எடந்தான்க்கா" என்றேன். "நம்மளுக்குக் குடுத்து வைக்கல."

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே" என்றாள் அக்கா. கொஞ்சம் சாந்தமாகிவிட்டாள். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, அத்தை கெடக்கு. எங்கிட்ட மட்டும் சொல்லு. அந்த நாத்தனாளுக்கு அன்னிக்கு என்னதான்டி ஆச்சு?" என்றாள்.

"அக்கா, வாசல்ல யாரோ பெல் அடிக்கிறாங்க, வைக்கிறேன்" என்றேன்.

எங்கள் வீட்டு பெல் கெட்டுப்போய் இரண்டு மாதமாகிறது.